சனிக்கிழமை அடக்கம்... அவசியம் வரவும்!

போன் அலறியது.

எழுதிக்கொண்டிருந்த அத்தியாயத்தை அப்படியே விட்டுவிட்டு எடுத்தாள் அமெர்லே. தங்கையின் நம்பர்.

"சொல்லு, ஒஃபோலே..."

எதிர்முனையில் ஒரு வீறல்!

"யா... யாரு பேசறது?"

"உன் அக்காடி! எனக்கே போன் பண்ணிட்டு யாருன்னு கேக்கறே?"

"நீதான் செத்துட்டியேக்கா! போனை யாராவது எடுத்து விவரம் சொல்வாங்கன்னு..."

"உளறாதே!"

"டெஷி மீன் மார்க்கெட் சுவர் பூரா உன் போஸ்டர்! சனிக்கிழமை அடக்கமாம். அம்மா கென்கி சோள உருண்டை விக்கப் போன இடத்துல பார்த்திருக்காங்க... அப்படியே சரிஞ்சிட்டாங்க!"

அமெர்லே பேனாவை எறிந்துவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரி. அம்மாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. மகளைப் பார்த்தாள். அசைகிற ஒரு கையால் அவள் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்... உயிர் இருக்கிறதா என்று.

பேர் சொல்லிக் கூப்பிட முயன்றாள். காற்றுதான் வந்தது.

ஒஃபோலே கிழித்து வந்திருந்த போஸ்டரை நீட்டினாள். மேலே கொட்டை எழுத்தில், 'பேரிடி!' நடுவில் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய அமெர்லே. கீழே ஒரு வரி... 'அன்னாரின் துப்பறியும் நாவல்கள் அடக்க மைதானத்தில் கிடைக்கும்.'

"யாருக்கா இந்த வேலையைப் பண்ணினது?"

"க்வாயே. என் பதிப்பாளன்!"

போஸ்டரைக் கசக்கினாள். பல் நறநறத்தது.

பிற்பகல். ஓசுவில் இருந்த பதிப்பகத்தின் வாசலில் நீளமான க்யூ! உள்ளே நுழையப் போனவளைக் கறுப்புத் துணி கட்டிய ஒரு பெண் பிடித்து இழுத்தாள்.

"ஏம்மா, நாங்கெல்லாம் மனுஷங்களாத் தெரியலையா? க்யூல வா!"

"யாரு புக்குக்கு இவ்ளோ கூட்டம்?"

"செத்துப்போச்சே, அமெர்லேன்னு... அது எழுதினது. தங்கமான எழுத்து!"

"படிச்சிருக்கீங்களா?"

"உசிரோட இருக்கறப்போ யாரு படிச்சா?"

அமெர்லே கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள்.

க்வாயே இரண்டு கைகளையும் விரித்தான்.

"வா, வா! வெளியே பார்த்தியா? என் கைவண்ணம்!"

பளார்!

"எங்கம்மாவுக்கு வாய் கோணிப் போச்சுடா! பேச்சு நின்னு போச்சு!"

க்வாயே கன்னத்தைத் தடவினான். "வருத்தம்தான். ஆனா யோசிச்சுப் பாரு. ரேடியோவுக்குக் கூப்பிட்டேன், வரலே. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசுன்னேன், மாட்டேன்னே. எழுதறவளே தம்பட்டம் அடிச்சாத்தான் இந்தக் காலத்துல புக்கு நகரும். நீ அடிக்கலே... நான் அடிச்சேன்!"

"தம்பட்டம் இல்லடா, சாவு மேளம்!"

"ரெண்டும் தோல்தானே? முழுசாக் கேளு. சனிக்கிழமை... கூட்டம் அழுவுது... பெட்டி திறக்குது... நீ எழுந்து உக்கார்றே! கானாவே உன் பேரைச் சொல்லும். பெட்டிகூட புஸ்தகம் மாதிரியே செய்யச் சொல்லியிருக்கேன். வந்து படுத்துப் பாரு."

அமெர்லே அவனையே பார்த்தாள். கோபம் மெல்ல வடிவதுபோல் தெரிந்தது.

"நாளைக்கு... மத்தியானம் வர்றேன்."

"சமத்து!"

மறுநாள் மத்தியானம். டெஷி கடற்கரைச் சாலையில் சவப்பெட்டிப் பட்டறை. தச்சர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். செத்தவரின் பிழைப்புக்கேற்ற உருவில் பெட்டி செய்வது அந்த ஊர் வழக்கம். மீன் உருவில், பீர் பாட்டில் உருவில், செருப்பு உருவில் ஆளுயரப் பெட்டிகள்... எல்லாம் விலைக்குக் காத்திருந்தன. நடுவில் சிவப்பு அட்டை போட்ட ஒரு பிரம்மாண்டப் புத்தகம்!

அமெர்லே ஏறிப் படுத்தாள்.

"மூச்சு விட ஓட்டை எங்கே?"

"எதுக்கு?"

"சனிக்கிழமை பெட்டி திறக்கற வரைக்கும் மூச்சு விட வேண்டாமா?"

"வேண்டாம்!"

அவன் குரல் மாறியிருந்தது. கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"நீ எழுந்து வந்தா மோசடிக்காரன்னு என்னைக் கல்லால அடிப்பாங்க. எழுந்திருக்கலேன்னா... போஸ்டர்ல ஒரு எழுத்துகூடப் பொய்யில்லே!"

"க்வாயே... வேணாம்!"

"செத்த எழுத்தாளர் மாதிரி விக்கிற சரக்கு கிடையாது, அமெர்லே. போய்ச் சேரு!"

மூடி விழுந்தது.

இருட்டு!

முதல் திருகாணி இறங்கியது. இரண்டாவது... உள்ளே அமெர்லேயின் முஷ்டி பலகையில் மோதியது. க்வாயே சீட்டியடித்துக்கொண்டே மூன்றாவதை எடுத்தான்.

"அதைக் கீழே போடுய்யா!"

திடுக்கிட்டுத் திரும்பினான்.

மூலையிலிருந்த மீனின் முதுகு திறந்தது! உள்ளேயிருந்து துப்பாக்கியோடு எழுந்தார் இன்ஸ்பெக்டர் நார்ட்டே. செருப்புப் பெட்டியிலிருந்து ஒரு கான்ஸ்டபிள்!

க்வாயேயின் கையில் விலங்கு விழுந்தது. திருகாணிகள் கழன்றன. வேர்வையில் நனைந்து எழுந்தாள் அமெர்லே.

"ந... நடிச்சியாடி?" திணறினான் க்வாயே.

நார்ட்டே சிரித்தார். "நேத்து ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா என் ஸ்டேஷனுக்குத்தான் வந்தாங்க. போஸ்டர் ஒட்டினதுக்கு வெறும் அபராதம்தான் மேடம்னேன். சாயங்காலம் மறுபடி வந்தாங்க. 'நான் எழுந்து உக்கார்ந்தா மோசடின்னு அவனைத்தான் உதைப்பாங்க. அதனால எழ விடமாட்டான். கொலை முயற்சிக்கு எத்தனை வருஷம்?'னு கேட்டாங்க!"

"அபராதம் எங்கம்மாவுக்குப் பத்தாது," என்றாள் அமெர்லே. குரல் கொதித்தது. "அவங்க என் பேரைச் சொல்ற நாள் வரைக்கும் இவன் உள்ளே கிடக்கணும்!"

"அமெர்லே, நான் உன்னை வளர்த்துவிட்டவன்..."

"பாடையிலயாடா வளர்ப்பாங்க?"

கான்ஸ்டபிள் அவனை ஜீப்புக்கு இழுத்துப் போனார்.

நார்ட்டே சட்டையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டினார். தயங்கினார்.

"மேடம், ஒரு சந்தேகம். உங்க கடைசி நாவலை ராத்திரி பூரா படிச்சேன். கடைசிப் பக்கத்தை யாரோ கிழிச்சிருக்காங்க. கொலைகாரன் யாரு?"

அமெர்லே முறைத்தாள்.

"கடைசி நாவலா? போன நாவல்னு சொல்லுங்க சார்... அடுத்ததுக்கு வில்லனே இப்பத்தான் ஜீப்ல ஏறியிருக்கான்!"