விழாத காசு

கோரா ஹால்வர்சன் கைத்துப்பாக்கியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். ஆர்லோவின் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்கள் விசை கரகரவென்று இருக்கிறது, சரிசெய்து கொடுங்கள் என்றுதான் கேட்பார்கள். அவள் கேட்டது வேறு.

"இதோட விசை சரியாயிடுச்சு, ஆர்லோ. யாரு சரிபண்ணாங்கன்னு சொல்லணும்."

கல்லாவில் இருந்த மேவிஸ் காபிக் குவளையைக் கீழே வைத்தாள். தபால் நிலையத்தில் முப்பது வருடம் இருந்தபின், அடுத்தவர் விஷயம் தெரியாமல் வாழ முடியாமல் இங்கே வேலைக்கு வந்தவள். ஆர்லோ முன்பு ஷெரிஃப் அலுவலகத்தில் துப்பறிந்தவர். இப்போது இரும்பை மட்டும் விசாரிக்கிறார் என்பது மேவிஸின் கேலி.

துப்பாக்கி கோராவின் கணவன் ராயுடையது. மணலை அரைக்கிற மாதிரி இருக்கிறது என்று அந்த விசையைத் திட்டிக்கொண்டே இருந்தான். ஆர்லோவிடம் கொடுக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே கொடுக்காமல் போய்விட்டான். மூன்று வருடம் முன்பு டெக்ஸ்டர் பாம் குடித்துவிட்டு ஓட்டிய லாரி அவனை நெடுஞ்சாலையில் அடித்துப்போட்டது. அன்றிலிருந்து துப்பாக்கி அவர்கள் வீட்டுப் பட்டறையில், பூட்டிய பெட்டிக்குள். ஒரு சாவி கோராவிடம், இன்னொன்று பில்லிங்ஸ் நகரில் இருக்கும் ராயின் தம்பியிடம்.

இலையுதிர் காலத்திலிருந்து, மதிய வேளைகளில் பட்டறையில் ஒரு சத்தம் என்றாள். சின்னச் சத்தம், நாக்கைச் சொடுக்கினாற்போல. போய்ப் பார்த்தால் ஆளில்லை, பெட்டி பூட்டியபடி. மேசையடியில் தரையில் மட்டும் ஒரு சென்ட் காசு. எடுத்து டப்பாவில் போட்டால் மறுநாள் மறுபடி தரையில்.

"ராய் இன்னும் போகலைன்னு நெனச்சேன். ரெண்டு வாரமா காசுகூட விழறதில்ல. அப்பதான் பயமாயிருச்சு. பெட்டியத் தொறந்து ஒரே ஒரு தடவ இழுத்துப் பாத்தேன். வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி இருந்துச்சு."

வெளியே மலைக்காற்று கடையின் தகரப் பலகையை ஆட்டியது. அவளுடைய வலது சுட்டுவிரல் நுனியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை ஆர்லோ பார்த்தார். அடுப்பில் சுட்டுக்கொண்டதாக அவளே சொன்னாள்.

அவர் துப்பாக்கியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் போலித் தோட்டா விழுந்தது. அதன் பின்புறம் அடிபட்டு அடிபட்டுக் குழிந்திருந்தது. பிறகு பாகங்களைப் பிரித்து வெள்ளைத் துணிமேல் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

தம்பிதான் என்று மேவிஸ் அவர் காதில் முணுமுணுத்தாள். சாவி இருக்கிறது, பில்லிங்ஸ் இரண்டு மணி நேரம்தான், இப்போதே போனால் பிடித்துவிடலாம்.

"எதுக்கு, மேவிஸ்? அவன் வரவே இல்ல. கல்லு வச்சுத் தேச்சிருந்தா நேர்கோடா கீறல் இருக்கும், முனை மழுங்கியிருக்கும். இங்க இரும்பும் இரும்பும் உரசுற எடம் மட்டும் பளபளன்னு இருக்கு. யாரும் சரிபண்ணல. இழுத்து இழுத்தே தேஞ்சிருக்கு. பல ஆயிரம் தடவ."

"பேய்க்கு அவ்வளவு பொறுமையா?"

"ராய்க்கே கெடையாது," என்றார் ஆர்லோ.

அவர் கோராவின் எதிரே உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது.

"குண்டு இல்லாம, போலித் தோட்டா போட்டுச் சுட்டுப் பழகுறவங்க குழல் நுனியில, முன்குறிகிட்ட ஒரு காச நிறுத்துவாங்க. கை உதறுனா காசு கீழ. இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தரையில காசு இல்லன்னா, நீங்க 'காசு கெடக்கறதில்ல'ன்னுதான் சொல்லியிருக்கணும். 'விழறதில்ல'ன்னு சொன்னீங்க. அது மேல நின்னதப் பாத்தவங்க சொல்ற வார்த்த."

கோரா பிளாஸ்திரி ஒட்டிய தன் விரலைப் பார்த்தாள், யாரோ ஒருவருடையதைப் போல.

"வெள்ளிக்கெழம டெக்ஸ்டர் ஜெயில்லேர்ந்து வெளிய வர்றான்," என்றார் அவர்.

மேவிஸின் கை காபிக் குவளையைத் தேடி, காணாமல் நின்றது.

கோரா துப்பாக்கி சுற்றி வந்த துண்டை மடித்து வைத்தாள். தான் பொய் சொல்லவில்லை என்றாள். மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். பட்டறையில் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் தன் கையிலிருந்து வருகிறது என்பது காசு விழும்போதுதான் தெரியும். கீழே குனிந்து அதை எடுக்கும் கணத்தில் அவள் மறுபடி கோராவாக இருப்பாள்.

"இப்ப அது விழறதே இல்ல, ஆர்லோ. திரும்பி வர வழி தெரியல."

தன்னைத் தடுக்க ஆள் தேடித்தான் அவள் துப்பாக்கியோடு இங்கே வந்திருக்கிறாள் என்பது மேவிஸுக்குக்கூடப் புரிந்தது.

ஆர்லோ பாகங்களைத் துணியோடு சேர்த்து முடிந்து, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். திரும்ப வாங்கிப்போக ரசீது எழுதவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சென்ட் எடுத்து, அவளை வலது கையை நீட்டச் சொல்லி, சுட்டுவிரலின் அடிக்கணுமேல் வைத்தார்.

"டெக்ஸ்டர நெனைங்க."

விரல் மடங்கியது, மெதுவாக, ஒரே சீராக. காசு சுவரில் அறைந்த ஆணிபோல நின்றது. மேவிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப ராயப் பத்திச் சொல்லுங்க. அந்த விசையத் திட்டுவானே, எப்படித் திட்டுவான்?"

கோரா வாயைத் திறந்தாள். ராய் திட்டும் கெட்ட வார்த்தையின் பாதி வந்தது. மீதி வரவில்லை. தோள் முதலில் நடுங்கியது, பிறகு முழங்கை, பிறகு விரல்.

காசு பலகைத் தரையில் விழுந்து, கொஞ்ச தூரம் உருண்டு, சாய்ந்தது.

"விழுந்துருச்சு," என்றாள் கோரா, அழுதுகொண்டே. அதை எடுக்கக் குனிந்தாள்.