பிரவீனாவுக்கு விழுந்த வார்த்தை

ஆறாம் வகுப்பில் பட்டப்பெயர் வைக்க யாரும் மூளையைக் கசக்குவதில்லை. புதன்கிழமை வரை காத்திருந்தால் போதும், பெயர் தானாக வந்துவிடும்.

புதன்தோறும் காலை இறைவணக்கம் முடிந்ததும் ஒருவர் மைக் முன்னால் வந்து, எல்லோரும் குழப்பிக்கொள்ளும் ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். எழுத்துக்கூட்ட வேண்டும், பொருள் சொல்ல வேண்டும், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். இது ஏஞ்சல் மிஸ்ஸின் ஏற்பாடு. பேசியவருக்கு அந்தச் சொல்லிலிருந்தே பட்டப்பெயர் வைப்பது பிள்ளைகளின் ஏற்பாடு. முட்டையிடும் 'லே' பற்றிப் பேசிய ஆனந்தகுமார் அன்றிலிருந்து முட்டை ஆகிவிட்டான். அவன் வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள்கூட, "ஆன்ட்டி, முட்டை இருக்கானா?" என்றுதான் கேட்கிறார்கள்.

திங்கட்கிழமை மிஸ் டிபன் பாக்ஸில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். பிரவீனா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

"படிம்மா."

"பாரோ..."

வகுப்பே வெடித்துச் சிரித்தது.

பாரோ என்றால் இரவல் வாங்குவது. சிரிக்கக் காரணம் இருந்தது. பிரவீனாவின் தம்பி ரப்பரைக் கடிப்பான், பென்சிலை ஒளித்துவைப்பான், ஸ்கேலால் கிரிக்கெட் ஆடுவான். அதனால் அவள் தினமும் அகிலாவிடம் பென்சிலும், முட்டையிடம் ஸ்கேலும் இரவல் வாங்குவாள். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். சில நாள் ஆள் மாறிவிடும், அது வேறு விஷயம்.

"மிஸ், இவளுக்கு ப்ராக்டீஸே வேணாம் மிஸ்! டெய்லி பண்ணிக்கினுதானே இருக்கா!" என்றான் மயில்வாகனம். அவன் மாணவர் தலைவன். இறைவணக்கத்தில் உறுதிமொழி வாசிப்பவன் அவன்தான்.

பள்ளி விடும்போது அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "டாட்டா பாரோ!" என்று கத்திக்கொண்டே சைக்கிள்கள் அவளைத் தாண்டிப் போயின.

இன்னும் பேசவே இல்லை, அதற்குள் இப்படி. புதன்கிழமை பேசினால் பள்ளிக்கூடம் முழுக்க அதைச் சொல்லியே கூப்பிடும். வருடம் முழுக்கக் கூப்பிடும். பிரவீனாவுக்கு அழுகையாக வந்தது. அகராதியைப் பார்த்தாள், மிஸ்ஸிடம் கேட்டாள், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். ஆனாலும் பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

புதன்கிழமை காலையில் கடைசி முயற்சியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, வயிறு வலிக்குதுப்பா."

"இப்பத்தானம்மா ஆறு இட்லி உள்ள போச்சி? வலிக்க எடம் ஏது அங்க?" என்றார் அப்பா மணிவண்ணன். "வா, ஆட்டோல கொண்டுபோயி வுட்டுட்றேன்."

வாசலுக்கு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். தெருவில் பாவு விரித்திருந்தார்கள். ஒரு சேலையின் நீள இழைகள் எல்லாம் தெருவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை மஞ்சளாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. இந்தக் கோடியில் அவை கட்டப்பட்டிருந்த இடம் அப்பாவின் ஆட்டோ.

"இன்னா கதிர்வேலண்ணே இது?"

"பாவு இழுத்துக் கட்டுற கட்ட முறிஞ்சி போச்சிப்பா மணி" என்றார் எதிர்வீட்டு நெசவாளி கதிர்வேல். "கனமா எதுனா வேண்டி இருந்துச்சி. உன்ன எழுப்ப வேணாமேன்னு கட்டிட்டேன். கொஞ்ச நேரம் இரவல் குடுப்பா. இப்ப நகத்தினா மொத்தமும் சிக்காயிடும்."

"சவாரி இருக்குதேண்ணே..." அப்பா தலையைச் சொறிந்தார். இழைகளைப் பார்த்தார். "சரி, வுடுங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துட்றேன்."

பிரவீனா தெருவைப் பார்த்தாள். அந்த மூங்கில் கழிகள் பின்தெருவிலிருந்து வந்தவை. கயிறு கமலவேணி அக்கா துணி உலர்த்தும் கொடிக்கயிறு. நடுவில் இழை பிரித்துக்கொண்டிருந்தவர் தன் தறியை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்த மாணிக்கவேல் தாத்தா. தெருவே இரவலில் நின்றது! ஆனால் கதிர்வேல் பெரியப்பாவைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் ஆட்டோவைக் கேட்கும்போது தலையைக் குனியவில்லை.

நடந்தே பள்ளிக்குப் போனாள். பயம் போகவில்லை, ஆனால் கொஞ்சம் யோசனையும் கூடவே வந்தது.

பள்ளி வாசலுக்குள் நுழைந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பாரோ... பாரோ, இங்க வாயேன்!"

மயில்வாகனம்தான். அவன் சட்டைக் காலரில் டை இல்லை.

"மறந்துட்டு வந்துட்டேன். டை இல்லாம மேடை ஏறினா எச்.எம். சார் லீடர் பேட்ஜைக் கழட்டிடுவார். மத்தவங்க எல்லாரும் லைன்ல நின்னுட்டாங்க. உன் டையைக் கொஞ்சம் குடேன். முடிஞ்சதும் கண்டிப்பா திருப்பிக் குடுத்துட்றேன். யாருக்கும் சொல்லாத, ப்ளீஸ்!"

'ப்ராக்டீஸ் பண்றியா?' என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவன் கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. பிரவீனா டையைக் கழற்றி நீட்டினாள்.

உறுதிமொழி முடிந்தது. அவள் மைக் முன்னால் வந்தாள்.

"பி, ஓ, டபுள் ஆர், ஓ, டபிள்யூ. பாரோ. ஒரு பொருளை நாம் இரவல் வாங்கினால் பாரோ. நாம் கொடுத்தால் அது லெண்ட். நம் பேச்சில் வாங்குவதும் கடன், கொடுப்பதும் கடன். அதனால்தான் நமக்குக் குழப்பம் வருகிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'போர்க்' என்று ஒரு சொல் இருந்தது. உறுதி, பிணை என்று அதற்குப் பொருள். 'பத்திரமாகத் திருப்பித் தருவேன்' என்று உறுதி சொல்லி வாங்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல்."

வரிசையிலிருந்து யாரோ, "இரவல்!" என்று கத்தினார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. போதாததற்குத் தலைமையாசிரியர் திரும்பிப் பார்த்தார்.

"உன் டை எங்கம்மா?"

பிரவீனா பக்கத்தில் பார்த்தாள். மயில்வாகனத்தின் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஒரு பெயர் சொன்னால் போதும், அத்தனை சிரிப்பும் அவள்மேலிருந்து அவன்மேல் தாவிவிடும். இரண்டு நாளாக அதைச் சுமந்தவளுக்கு அதன் பாரம் தெரியும்.

"ஒருத்தருக்கு இரவல் குடுத்திருக்கேன் சார்."

"யாருக்கு?"

"கண்டிப்பா திருப்பித் தரேன்னு சொல்லியிருக்காங்க சார். எனக்கு அது போதும்."

தலைமையாசிரியர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் பிரவீனா மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு இரவல் வாங்கின பொருளோட வந்தவங்க கை தூக்குங்க. நானும் தூக்குறேன். என் பாக்கெட்ல இருக்கிற பேனா எங்க அம்மாவோடது."

அவள் கை மட்டும் தனியாக நின்றது. ஒரு கையும் எழவில்லை. ஐயோ, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவளுக்கு வியர்த்தது.

அப்போது ஒன்றாம் வகுப்பு வரிசையில் ஒரு குட்டிப் பையன் எம்பி எம்பிக் கை தூக்கினான். "அக்கா! இது எங்கண்ணன் டவுசர்க்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இது வேறு சிரிப்பு. அகிலா குடைக்காகக் கை தூக்கினாள். ஏஞ்சல் மிஸ் தன் புடவைத் தலைப்பைக் காட்டி, "எங்க அக்காவோடது" என்றார். ஆனந்தகுமார் இரண்டு கைகளையும் தூக்கினான். தலைமையாசிரியரே மெல்லச் சிரித்து, "அந்த மைக்கே பக்கத்துக் கல்யாண மண்டபத்துல வாங்கியாந்ததுதாம்மா" என்றார்.

கடைசியாக, காதைச் சொறிவதுபோல் ஒரு கை பாதி உயரம் வந்தது. அப்புறம் முழுதாக நிமிர்ந்தது.

"சார்... பிரவீனா சொன்னது என்னைத்தான் சார். இது அவளோட டை" என்றான் மயில்வாகனம்.

ஒருவரும் அவனைக் கேலி செய்யவில்லை. எப்படிச் செய்வார்கள்? பாதிப் பள்ளிக்கூடம் கை தூக்கிக்கொண்டு நின்றதே! தலைமையாசிரியர், "நாளைக்கு மறக்காதடா" என்றதோடு விட்டுவிட்டார்.

மணி அடித்தது. பிரவீனாவுக்கு அப்பாடா என்றிருந்தது. வயிறு லேசாகி, காலையில் சாப்பிட்ட இட்லியெல்லாம் எங்கே போனதென்று பசிக்கக்கூடத் தொடங்கியது.

படிக்கட்டில் மயில்வாகனம் ஓடிவந்தான். டையைச் சுருக்கம் இல்லாமல் நீவி, நான்காக மடித்து நீட்டினான்.

"இந்தா பிரவீனா" என்றான்.