மூன்று எலுமிச்சையும் ஒரு ஸ்டிக்கும்

விஜயதசமியன்று காலை ஆறரை மணிக்கு, அணுபுரம் குடியிருப்பு கடல் மூட்டத்தில் பாதி கரைந்து நின்றபோது, பக்கத்து வீட்டு ஜெனிட்டா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் லதாவின் வீட்டுக்குள் வந்தாள்.

“அக்கா, பிளேன்ல ஸ்டிக்கைக் காணோம்! பத்து மணிக்கு எக்ஸாமினர் வர்றாரு. மாரி அண்ணன்தான் எடுத்துட்டாருன்னு கேப்டன் கத்திக்கினு கீறாரு.”

லதா காப்பியை முடித்துவிட்டுத்தான் பேசினாள். விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது அவள் தொழில். “எந்த ஸ்டிக்?”

“வலது சீட்டு ஸ்டிக். பிளேனை ஏத்தி இறக்கித் திருப்புற பிடி. என்னுது.”

லதாவின் கணவர் முத்துசாமி பேப்பரை மடித்து வைத்தார். குடியிருப்பு நூலகத்தின் நூலகர் அவர். பன்னிரண்டு வருடமாக இப்படி ஒரு காலைக்காகவே அவர் ரகசியமாகக் காத்திருந்தார். “வெளிநாட்டுச் சதி,” என்றார்.

“செருப்பைப் போடுங்க,” என்றாள் லதா.

விஷயம் இதுதான். ஜெனிட்டா ஏற்கெனவே விமானி. இன்று நடப்பது பறக்கும் ஆசிரியைக்கான செய்முறைத் தேர்வு. அதில் அவள் ஆசிரியையாக வலப்பக்கம் உட்காருவாள். தேர்வாளர் மாணவன்போல இடப்பக்கம் உட்காருவார். ஆளுக்கொரு ஸ்டிக் இல்லாத விமானம் இந்தத் தேர்வுக்கு ஆகாது. அவளுடைய எழுத்துத் தேர்வின் தேர்ச்சி இன்றோடு காலாவதி. இன்று பறக்காவிட்டால் எல்லாப் பேப்பரும் மறுபடி முதலிலிருந்து. திங்கட்கிழமை சேரவேண்டிய வேலையும் வேறு யாருக்கோ.

செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்தப் பயிற்சிப் பள்ளி. ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, அதன் வாசலைப் பெருக்கும் ஆதியம்மாள், ஒரே ஒரு விமானம். வெண்மூட்டத்தில் அது தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் முத்துசாமிக்குத் தோன்றியது. தான் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறோமோ என்று கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.

கனவைக் கலைத்தது பள்ளியை நடத்தும் கேப்டன் ராமானுஜத்தின் குரல். தோளில் நான்கு தங்கக் கோடுகள். அவை எந்த விமானத்தில் கிடைத்தவை என்று கேட்டால் “அந்தக் காலத்துல...” என்று ஆரம்பிப்பார், அந்தக் காலம் முடிவதற்குள் டீ ஆறிவிடும்.

“நேத்து மதியம் ஆயுத பூஜை. அப்ப ஸ்டிக் இருந்தது. பூஜை முடிஞ்சப்புறம் விமானம் ஒரு அங்குலம்கூட அசையலை. காலையில பார்த்தா ஸ்டிக் இருந்த இடத்துல ஓட்டை! மெக்கானிக்கைத் தவிர வேற யாரு?”

மெக்கானிக் மாரி எண்ணெய்த் துணியைக் கசக்கிக்கொண்டு நின்றான். “நாலு மணி பஸ்ஸுக்கே என்னைக் கிளப்பி வுட்டது இவருதாங்க்கா. பண்டிகை நாளு, வூட்டுக்குப் போன்னாரு. எப்பவும் இல்லாத பாசமா கீதேன்னு அப்பவே நெனச்சேன்.”

“எல்லாரையும் விசாரிச்சீங்களா கேப்டன்?” என்றாள் லதா.

“எல்லாரையும்!” என்றவர், கொட்டகை மூலையிலிருந்த பூஜைக்குப் போய்க் கண்ணை மூடினார். ஸ்பானர்கள், ஸ்குரூடிரைவர்கள், டயர்க் காற்று பார்க்கும் மானி, எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாகக் கிடந்தன. நடுவே பட்டுத்துணி சுற்றி, சாமந்தி மாலை போட்டு, உச்சியில் பெரிய பொட்டோடு ஒன்று நெட்டுக்குத்தாக நின்றது. “தாயே, திருடனைக் காட்டிக் குடு,” என்று கேப்டன் அதன் எதிரில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முத்துசாமியும் ஒரு கும்பிடு போட்டு வைத்தார். கேஸ் நடக்கும்போது யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது.

லதா விமானத்தைச் சுற்றி வந்தாள். மூன்று சக்கரங்களுக்குப் பக்கத்திலும் குனிந்தாள். வலது இருக்கையில் பெல்ட்டை எடுத்து நீட்டிப் பார்த்தாள். இருக்கைக்குக் கீழிருந்து மூன்று ரோஜா இதழ்களைப் பொறுக்கினாள்.

“கடைசியா இதுல யாரு உட்கார்ந்தா?”

“நான்தான்க்கா, முந்தாநாளு,” என்றாள் ஜெனிட்டா. ஊதினால் பறந்துவிடும் உடம்பு அவளுக்கு.

“ரோஜா இதழ்! அப்ப ஒரு பெண்,” என்று முத்துசாமி நோட்டில் எழுதினார். அடிக்கோடும் போட்டார்.

பத்து மணிக்குத் தேர்வாளர் ஜெகதீசன் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு பட்டியல். “பறக்கும் தகுதிச் சான்று, இருக்கு. ரேடியோ, இருக்கு. பயிற்சிக்கு வேண்டிய கருவிகள், இருக்கு. இரட்டைக் கட்டுப்பாடு...” வலப்பக்கம் எட்டிப் பார்த்தார். “ஓட்டை இருக்கு. அரைமணி நேரம் தர்றேன்மா. ஓட்டைக்கு முன்னாடி உட்கார்ந்து யாருக்கும் பாடம் எடுக்க முடியாது.”

ஜெனிட்டா விமானத்தின் இறக்கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, பிடியை மட்டும் விடவில்லை.

“அரைமணி வேண்டாம் சார், பத்து நிமிஷம் போதும்,” என்றாள் லதா. எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள்.

“பூஜை முடிஞ்சதும் சக்கரத்துக்கு முன்னாடி எலுமிச்சை வெச்சிருக்காங்க. வண்டி நின்ன இடத்துலயே நின்னிருந்தா பழம் முழுசா இருக்கணும். மூணும் அப்பளமா கிடக்கு. அப்ப விமானம் அசைஞ்சிருக்கு கேப்டன்.”

“காத்துல...”

“காத்து பெல்ட்டையும் கடைசி வரைக்கும் தளர்த்துமா? ஜெனிட்டா உட்கார்ந்த சீட்டுல, அவளைப் போல மூணு பேரைக் கட்டுற அளவுக்கு பெல்ட் கிடக்கு. இங்கே பூஜைக்கு வாங்கினது சாமந்தி. ரோஜா மாலை சாமிக்கில்ல, பெரிய மனுஷனுக்கு. மாலை போட்ட ஒரு பெரிய வயிறு நேத்து சாயங்காலம் வலது சீட்டுல ஏறியிருக்கு. ஸ்டிக் வயித்துல இடிச்சிருக்கும்.”

மாரி தலையாட்டினான். “ஒரு பின்னை உருவுனா ஸ்டிக் கையோட வந்துடுங்க்கா.”

“கொட்டகைச் சாவி யார்கிட்ட?”

கேப்டனின் நான்கு கோடுகளும் லேசாகச் சரிந்தன. “ரிசார்ட் ஓனர் பூபாலன் சார்... மாமல்லபுரக் கோயிலை மேலேர்ந்து பார்க்கணும்னு ஆசைப்பட்டாரு. அரைமணிதான். பதிவு போடலை. ஸ்டிக்கை இங்கேதான் தரையில வெச்சேன். வந்து பார்த்தா... சத்தியமா காணோம்!”

“அந்த விவரத்தை நான் தனியா எழுதிக்கிறேன்,” என்றார் ஜெகதீசன் மென்மையாக.

“எல்லாரையும் விசாரிச்சேன்னீங்க. ஆதியம்மாளை?” என்றாள் லதா.

“அவங்க பெருக்குறவங்க,” என்றார் கேப்டன், அதுவே பதில் என்பதுபோல.

லதா வாசலில் துடைப்பத்தோடு நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள். “நேத்து சாயங்காலம் தரையில ஒண்ணு கிடந்துச்சாக்கா?”

“கெடந்துச்சும்மா!” ஆதியம்மாள் இதற்காகவே காலையிலிருந்து காத்திருந்ததுபோல் பேசினாள். “பூஜை நாளு, தொழில் சாமானைக் கால்ல படுறாப்புல போட்டுட்டுப் போயிருக்காங்க. இன்னா மனுசங்களோ! நான்தான் கழுவி, பொட்டு வெச்சி, துணி சுத்தி நடுவுல நிக்க வெச்சேன். கேப்டனுதான் இப்பக்கூட வுழுந்து கும்பிட்டாரே. கண்டுக்கினுதான் கும்புடுறாருன்னு நெனச்சேன்.”

எல்லாருடைய கண்ணும் பட்டுத்துணிக்குப் போயிற்று. கேப்டன் பாய்ந்து கை நீட்டினார்.

“தொடாத நைனா!” ஆதியம்மாள் குறுக்கே வந்தாள். “மறுபூஜை ஆகாம எடுக்கக் கூடாது.”

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். லதா கேப்டன் கையில் கற்பூரத் தட்டைக் கொடுத்தாள். நான்கு தங்கக் கோடுகள் வளைந்து ஸ்டிக்குக்குத் தீபம் காட்டின. ஆதியம்மாள் திருப்தியாகும்வரை காட்டின.

“மாரி, சீக்கிரம் மாட்டு,” என்றார் கேப்டன்.

“நானு திருடனாச்சே சார். தொடலாமா?”

கேப்டன் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். “தப்பு என்மேலதான் மாரி. மன்னிச்சுக்க.”

மாரி பின்னைச் செருகி, இரண்டு ஸ்டிக்கையும் நான்கு பக்கமும் அசைத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டான். மூட்டம் விலகியிருந்தது. விமானம் சவுக்கு நுனிகளுக்கு மேல் ஏறி, கடலும் வானமும் ஒட்டிக்கொண்ட இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. முத்துசாமி நோட்டைத் திறந்து ‘பெண்’ என்பதை அடித்தார். கொஞ்சம் யோசித்து, ‘வெளிநாட்டுச் சதி’யையும் அடித்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கியதும் ஜெகதீசன் கை நீட்டினார். ஜெனிட்டா குலுக்கினாள். அவர் பட்டியலை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் உள்ளங்கையைப் பார்த்துத் திடுக்கிட்டார். ஜெனிட்டாவின் கையும் அதே சிவப்பு.

“இது என்னம்மா?”

“குங்குமம் சார். ஸ்டிக்கைத் துடைக்க நேரமில்லை.”

ஜெகதீசன் தாளைத் திருப்பிப் பார்த்தார். ‘தேர்ச்சி’ என்ற சொல்லில் மசி இன்னும் காயவில்லை. அதற்கு மேலே, ‘இரட்டைக் கட்டுப்பாடு’ என்ற வரிக்கு நேராக, அவருடைய கட்டைவிரல் சிவப்பாகப் பதிந்திருந்தது. அழிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.