சைக்கிளுக்கும் டிம்

அப்பாவின் பேக்கரி வேனில் வாலுவுக்கு ஒரு வேலை இருந்தது. எதிரே வண்டி விளக்கு தெரிந்ததும் "டிம்!" என்று கத்த வேண்டும். அப்பா உடனே விளக்கைத் தாழ்த்துவார்.

எதிர் வண்டியும் தாழ்த்தினால் வாலு ராணி மாதிரி தலையசைப்பாள். தாழ்த்தாவிட்டால், "கண்ணு கூசுது! மரியாதை தெரியாத வண்டி!" என்று திட்டுவாள்.

"உன் வாய் இருக்க, வேனுக்கு ஹாரன் எதுக்கு?" என்பார் அப்பா.

புதன்கிழமை இருட்டும் நேரம். தண்ணீர்த்தொட்டி வளைவில் ஒரு சைக்கிள் வந்தது. வாலு வாயைத் திறந்தாள். ஆனால் சைக்கிளில் விளக்கு இல்லை. விளக்கே இல்லாததற்கு எதற்கு டிம்? வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா புதிதாக மாட்டியிருந்த பல்புகள் பளீரென்று அடித்தன. சைக்கிளில் வந்தவர் ஒரு கையால் கண்ணை மறைத்தார். வேன் கடந்து போய்விட்டது.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனாள். வாராவாரம் பிள்ளைகளுக்குக் கதை படிக்கும் நூலக அக்காவின் இடது கையில் பெரிய கட்டு. மூக்கில் கண்ணாடியும் இல்லை.

"என்னக்கா ஆச்சு?"

"புதன்கிழமை சைக்கிள்ல வந்தேன். தொட்டி வளைவுல எதிர்ல ஒரு வண்டி. ஒரே வெள்ளையா வெளிச்சம். பள்ளம் எங்கன்னு எனக்குத் தெரியல. பள்ளத்துக்கு என்னைத் தெரிஞ்சிருக்கு!"

பிள்ளைகள் சிரித்தார்கள். வாலுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அன்று கண்ணை மறைத்த கை, இதோ, கட்டுக்குள் இருக்கிறது.

"அக்கா... அது எங்க வேன். நான் டிம் சொல்லியிருக்கணும். நீங்கன்னு தெரியல, ஆனா பார்த்தேன்க்கா. சைக்கிள்தானேன்னு விட்டுட்டேன்."



"சைக்கிள்தானேன்னா விட்டே?" என்றாள் அக்கா, மெதுவாக.

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"இன்னைக்குக் கதை இல்லையாக்கா?" என்று ஒரு பொடியன் சிணுங்கினான்.

"கண்ணாடி உடைஞ்சுபோச்சு. எழுத்தெல்லாம் எறும்பா ஓடுதுடா."

வாலு புத்தகத்தை எடுத்தாள். "புதுக் கண்ணாடி வர்ற வரைக்கும் நான் படிக்கட்டுமாக்கா?"

அக்கா தலையாட்டினாள். வாலு படித்தாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். அக்கா திருத்தினாள். ஆனால் வழக்கம்போல் தலையில் செல்லமாகக் குட்டிவிட்டுச் சிரிக்கவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஓட்டினது நான்மா. பார்த்திருக்க வேண்டியதும் நான்தான்."

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். பழைய பல்புகளைத் தேடியெடுத்து மாட்டினார்.

திங்கட்கிழமை மாலை, அதே வளைவு.

"டிம்!" என்றாள் வாலு.

"தாழ்த்திட்டேன், பாரு!" என்றார் அப்பா.

சாலையோரம் ஒருவர் நடந்து வந்தார். கண்ணை மறைக்க எழாமல், அவருடைய கைகள் இரண்டும் பாக்கெட்டிலேயே இருந்தன.