இருபது அடிக்குள்

வாளியில் ஊறப்போட்ட துணிகளுக்கு அடியில் ஃபோன் கிடந்தது.

மருமகள் அதைக் கண்டுபிடித்தபோது, ஒரு தலையணை உறைக்குள் சுருண்டு, சோப்பு நுரைக்கு நடுவில் சாவகாசமாகக் கிடந்தது. தானாக நடந்துபோய் விழுந்திருக்க வழியில்லை. பாலைப் பொங்கவிடாமல் இறக்குவதற்காக அரை நிமிடம் மேடைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள், அவ்வளவுதான். துடைத்தாள், உதறினாள், பொத்தானை அழுத்து அழுத்து என்று அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது.

சாப்பாட்டு மேஜை முன்னால் மாமியார் ஒன்றும் அறியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கை மட்டும் முழங்கை வரை ஈரமாக இருந்தது.

"என்ன பார்க்கிற? என் பின்னாடியே அதைத் தூக்கிக்கிட்டு சுத்துறியே... நான் தும்மினா, இருமினா எல்லாத்தையும் படம் பிடிச்சு யாருக்கு அனுப்புற? இன்னிக்கு ஒரு நாளாவது நான் நிம்மதியா இருக்கேன்."

"நான் படமெல்லாம் பிடிக்கல அத்தை... முதல்ல சாப்பிடுங்க. ஊசி போட்டு பத்து நிமிஷம் ஆச்சு."

"நீ வச்ச தட்டுல கை வைக்க மாட்டேன்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

மாமியாருக்குச் சர்க்கரை நோய். ஏறுகிற சர்க்கரையைவிட இறங்குகிற சர்க்கரைதான் அவருக்கு எமன். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் கிடுகிடுவென்று இறங்கிவிடும். ஒருமுறை குளியலறையிலும் ஒருமுறை பேருந்து நிறுத்தத்திலும் அப்படியே சரிந்து விழுந்திருக்கிறார். அதற்காகத்தான் டாக்டர், மேல்கையில் ஒட்டிக்கொள்ள நாணயம் அளவு பட்டை ஒன்றைக் கொடுத்தார். அது சில நிமிடங்களுக்கு ஒரு தடவை சர்க்கரையைப் பார்த்து ஃபோனுக்குச் சொல்லும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் ஃபோன் எச்சரிக்கும். ஒரே நிபந்தனை, ஃபோன் பட்டைக்கு இருபது அடிக்குள் இருக்க வேண்டும். விவரம் தெரிந்ததும், என் உடம்பை உளவு பார்க்க ஒரு மெஷினா என்று முதல் பட்டையைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டார் மாமியார்.

இரண்டாவது பட்டையை மகன் பொய் சொல்லி ஒட்டினான். நரம்புக்கு நல்லது, மருந்துப் பட்டை என்றான். கப்பலில் இயந்திர அறை வேலை அவனுக்கு. கிளம்பும்போது மனைவியைத் தனியாக அழைத்து, அம்மாவுக்குத் தெரிந்தால் பிய்த்து எறிந்துவிடுவார்கள், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், யாரிடமும் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். வாங்கியவன் கடலுக்குப் போய்விட்டான். கொடுத்தவள் வீட்டில் மாட்டிக்கொண்டாள்.

அது நடந்து ஒன்றரை வருடம். துணிக்கடை வேலையை விட்டாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே பொய்யைச் சொல்லிப் புதுப் பட்டை ஒட்டினாள். மாமியார் மாடிக்குப் போனால் மாடிக்கு, வாசலுக்குப் போனால் வாசலுக்கு, ஃபோனும் கையுமாகப் பின்னால் போனாள். சத்தம் வராமல் அதிரும்படி வைத்திருந்தாள். அதிர்ந்தால் பழச்சாற்றோடு ஓடுவாள். எண் ஏறிக் கிடந்தால் பிஸ்கட் டப்பாவை ஒளித்துவைப்பாள். ஒரு நேரம் வாயில் ஊற்றுகிறாள், ஒரு நேரம் வாயிலிருந்து பிடுங்குகிறாள், இவளுக்கு என்ன வந்தது என்று மாமியார் புலம்பியதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. வீட்டில் அவள் பெயர் 'சி.ஐ.டி.' ஆனது.

நாத்தனார் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஊதிவிடுவதற்கு ஆள் இல்லாமல் தவித்த அடுப்புக்கு அவள் வந்து சேர்ந்தாள். மருமகள் அவளிடம்தான் போய் நின்றாள். ஒரு நாளைக்கு உங்கள் ஃபோனைக் கொடுங்கள் அண்ணி என்று கெஞ்சினாள். என்னையும் உளவு பார்க்கவா என்று கேட்டு, நாத்தனார் ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் நாத்தனார் காதில் விழுந்தது வாய்க்கு வர நடுவில் ஒரு மூச்சுகூட ஆகாது. இன்றைக்கு இருக்கிற கோபத்தில் மாமியார் அந்தப் பட்டையைத் தோலோடு பிய்த்துவிடுவார். அடுத்த பட்டையை எந்தப் பொய் சொல்லி ஒட்டுவது?

"நான் கொடுத்தா சாப்பிட மாட்டாங்க அண்ணி... நீங்களாவது கொண்டுபோய்க் கொடுங்க. காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

கால் மணி நேரத்தில் தட்டு காலியாகத் திரும்பி வந்தது. நான் கொடுத்தால் சாப்பிடுகிறார்கள் பார் என்று நாத்தனார் அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். மருமகளுக்கு அந்தக் குத்தல்கூட உறைக்கவில்லை. சாப்பிட்டாகிவிட்டது, மதியம்வரை பயமில்லை. அதற்குள் ஒரு ஃபோன் வேண்டும்.

அலமாரியில் ஒரு உறை இருந்தது. நான்கு மாதமாக அவளுடைய கடைவாய்ப் பல் ஒன்று வேரோடு அழுகிக்கொண்டிருந்தது. இடது கன்னம் வீங்கி, ஒரு பக்கமாகவே மென்று காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். பல் டாக்டருக்கென்று அதில் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பழைய ஃபோன்களைச் சரிசெய்து விற்கிற கடை அது. நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்த கடைக்காரப் பெண், நனைந்த ஃபோனைத் திறந்து பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினாள். சிம் மட்டும் பிழைத்திருக்கிறது என்றாள். பிறகு, உறைக்குள் இருப்பதற்கு என்ன கிடைக்குமோ அதை மேஜைமேல் எடுத்து வைத்தாள்.

முதல் ஃபோன் கல்யாணப் பெண் மாதிரி மினுமினுத்தது. மருமகள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், தன் செயலி இதில் ஏறுமா என்று கேட்டாள். ஏற்றிப் பார்த்தார்கள். இந்த ஃபோனுக்கு இது பொருந்தாது என்று நிர்தாட்சண்யமாக ஒரு வரி வந்தது. இரண்டாவது ஃபோனின் முதுகில் கீறல், மூலையில் நசுங்கல், யாரோ ஒரு குழந்தை ஒட்டிய ஸ்டிக்கரின் பசை. செயலி ஏறியது.

"ஏறிடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்கக்கா. இதுக்கு இனிமே அப்டேட் வராது. ஆறு மாசம், மிஞ்சிப்போனா எட்டு மாசம். அப்புறம் உங்க செயலி இதையும் வேண்டாம்னு சொல்லிடும். வித்த பொருளைத் திருப்பி வாங்க மாட்டேன். ரெண்டு நாள் பொறுங்க, இதே விலைக்கு நல்லதா ஒண்ணு வருது. மூணு வருஷம் ஓடும்."

நல்ல பெண்தான். தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்கிற வியாபாரி எங்கே கிடைப்பாள்? அவள் சொல்வதுதான் புத்திசாலித்தனம். ஆறு மாதம் கழித்து இன்னொரு உறைக்கு எங்கே போவது? இந்தப் பல் அதுவரை சும்மா இருக்குமா? மருமகள் அந்தக் கீறல் விழுந்த ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாள் என்றால் ஆறு வேளை. ஆறு வேளையும் அந்தச் சாத்திய கதவுக்கு வெளியே நின்று மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்...

கடை ஃபோனிலிருந்து வீட்டுக்கு அழைத்தாள். மூன்று முறை அடித்தும் நாத்தனார் எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்து, அம்மா அசந்து தூங்குகிறார்கள், சும்மா சும்மா கூப்பிடாதே என்று வைத்துவிட்டாள்.

மாமியார் காலையில் தூங்குகிறவர் இல்லை. ஒன்றரை வருடத்தில் ஒருநாள்கூடத் தூங்கியதில்லை.

"இதையே கொடுங்க," என்றாள் மருமகள். உறையை அப்படியே மேஜைமேல் கவிழ்த்தாள்.

வீடுவரை ஓடினாள். செருப்பு அறுந்ததை வாசலில்தான் பார்த்தாள். எழுப்பாதே என்று குறுக்கே வந்த நாத்தனாரை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மாமியாரின் தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது; உதடு என்னவோ முணுமுணுத்தது. மேல்கையில் ஃபோனை வைத்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது... சுற்றியது... அவள் உயிரும் அதோடு சேர்ந்து சுற்றியது.

நாற்பத்தைந்து. கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி.

சத்தத்தை அடக்கிவைக்க அவளுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. ஒன்றரை வருடமாக ஊமையாக அதிர்ந்துகொண்டிருந்த எச்சரிக்கை, அந்த வீட்டில் முதல்முறையாக வாய்விட்டு அலறியது.

சமையலறைக்கு ஓடி, ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தாள். மாமியாரை நிமிர்த்திச் சாய்த்து உட்காரவைத்தாள். விழுங்குங்க அத்தை, விழுங்குங்க என்று உதட்டில் வைத்த நேரத்தில் நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சர்க்கரை வியாதிக்காரிக்குச் சர்க்கரைத் தண்ணியா? எங்க அம்மாவைக் கொல்லப் பார்க்கிறியாடி?"

பாதித் தண்ணீர் போர்வையில் கொட்டியது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குரல் உயர்த்தாதவள் மருமகள். இப்போதும் உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் குரலை நாத்தனார் அதற்குமுன் கேட்டதில்லை.

"கையை விடுங்க அண்ணி. இந்த நம்பரைப் பாருங்க. இது உங்கம்மா உயிர். இறங்கிக்கிட்டிருக்கு. என்னை அப்புறம் அடிங்க."

நாத்தனார் பார்த்தாள். நாற்பத்து மூன்று ஆனது. கை தானாக விட்டுவிட்டது.

மிச்சத் தண்ணீர் மிடறு மிடறாக உள்ளே போனது. இரண்டு பெண்களும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்து, பசை போகாத அந்தப் பழைய ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்து மூன்றிலேயே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு ஐம்பத்தொன்று. அறுபத்துநான்கு. அம்புக்குறி மேலே திரும்பியபோது மருமகள் கட்டில் சட்டத்தில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சத்தியம் போனது போனதுதான். பட்டை என்ன, ஃபோன் என்ன, வேலையை ஏன் விட்டாள் என்று எல்லாவற்றையும் அந்த அழுகைக்கு நடுவிலேயே கொட்டித் தீர்த்தாள். நாத்தனார் காலை நகர்த்தியபோது கட்டிலுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டிய ரொட்டியும் முட்டையும்.

"சாப்பிடலையாம்மா நீ?"

"வீம்புக்கு..." என்றார் மாமியார். கண்ணை முழுதாகத் திறந்திருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. கையை நீட்டி மருமகளின் தலையைத் தேடித் தொட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா பிச்சி எறிஞ்சிடுவீங்கன்னு... அவர் சத்தியம் வாங்கிட்டார் அத்தை."

"எறிஞ்சிருப்பேன்." மாமியார் மேல்கையிலிருந்த பட்டையைத் தடவிப் பார்த்தார். "என் உடம்பைப் பத்தி என்கிட்டயே மறைச்சீங்களே, அந்தக் கோபம் எனக்கு இருக்கத்தான் செய்யும். அவன் வரட்டும், கேட்கிறேன். ஆனா நீ... ஒன்றரை வருஷம் உன்னை நாய் மாதிரி விரட்டினேன். வாளியில போட்டதும் நான்தான்."

"தெரியும் அத்தை. கை ஈரமா இருந்துச்சு."

அவ்வளவுதான், மாமியார் உடைந்துபோனார். மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அணைத்த வேகத்தில் அவள் இடது கன்னம் தோளில் இடித்தது. அம்மா என்று அவள் துள்ளியதும், மாமியார் அவள் முகத்தைத் திருப்பி அந்த வீக்கத்தைப் பார்த்தார். ஒன்றரை வருடமாகத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவளை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். பல்லுக்கு வைத்திருந்தது எங்கே போனது என்று கேட்கவில்லை. அது தன் மேல்கைக்குப் பக்கத்தில் கீறலும் பசையுமாகக் கிடந்தது.

மறுநாள் காலை, காலை உணவுத் தட்டைக் கடைசித் துண்டுவரை காலி செய்துவிட்டு, மாமியார் மருமகளைக் கூப்பிட்டார். அவர் விரலில் இருந்த மோதிரம் காணாமல் போயிருந்தது. நாத்தனார் அடகுக்கடைக்குப் போய் வந்திருந்தாள். பல் டாக்டரிடம் போ என்று ஒரு உறையைக் கொடுத்தார்.

"நான் போயிட்டா ஃபோனை யார் அத்தை..."

"எனக்குக் கை இல்லையா? நம்பர் பார்க்கத் தெரியாதா? இனிமே இது எங்கிட்டதான் இருக்கும். ஆறு மாசம் கழிச்சு இது படுத்துட்டா, அடுத்ததை நானே வந்து பார்த்து வாங்குறேன். நீ எங்க வேணும்னாலும் போ."

மருமகள் வாசலைத் தாண்டினாள். பழக்கதோஷம், கால்கள் தாமாகவே அடியை எண்ணிக்கொண்டு போயின. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அங்கே அவளால் நகர முடியவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் மாமியார் நின்றுகொண்டிருந்தார். ஃபோனின் திரையை அவள் பக்கம் திருப்பித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து எண் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவள் கையைக் காட்டினாள்.

"நூத்திப் பதினெட்டு," என்று தெருவே கேட்கும்படி கத்தினார் மாமியார். "போடி, போய்ப் பல்லைப் பாரு."

இருபத்தோராவது அடியை அவள் எடுத்து வைத்தாள்.