நூற்றியெட்டும் ஒரு குண்டு மணியும்

மழைக்குப் பயந்து அவள் மாடிப்படியில் ஓடி ஏறினாள். அதே நேரம் படியோரம் நின்றிருந்த அவன் குடையை விரித்தான். குடைக்கம்பி அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த ஜபமாலையில் மாட்டியது... பட்! மணிகளெல்லாம் படிக்குப் படி குதித்து இறங்கின.

"உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"கண்ணாடிக் கடை வச்சிருக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியாங்க இது?"

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் மேல்மாடிப் பல் டாக்டர். கீழே புதிதாகக் கடை திறந்தவனிடம் முதல் நாளே பல்லைக் காட்டுவதா?

அவன் முட்டி போட்டு ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினான். முடியிலிருந்து மழைநீர் சொட்ட நிமிர்ந்தான்... அடடா, என்ன கண்கள்!

"நாளைக்குக் காலையில தியானத்துக்கு இது வேணும். அக்கா ஒரு சம்பந்தம் கொண்டு வந்திருக்கா. ஒரு சுற்று ஜபம் முடிச்சதும் பதில் சொல்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றாள். இதையெல்லாம் இவனிடம் ஏன் சொல்கிறோம்?

அவன் முகம் ஏனோ வாடியது. "மொத்தம் எத்தனை மணி, டாக்டர்?"

"நூத்தியெட்டு."

அன்று சாயங்காலமே கோத்துக் கொண்டுவந்தான். "கண்ணாடி பிரேமுக்குப் போடற நைலான் நரம்பு. யானை கட்டி இழுத்தாலும் அறாது."

மறுநாள் காலை கண்ணை மூடி உட்கார்ந்தாள். ஓம் மணி பத்மே ஹூம்... மந்திரத்துக்கு ஒரு மணியாக விரல் தள்ளியது. பெரிய தலைமணி தட்டுப்பட்டால் ஒரு சுற்று முடிந்தது. தட்டுப்படவே இல்லை! நடுநடுவே அவன் கண்கள் வேறு... விரட்டினால் திரும்பி வந்தன. கண் திறந்தபோது ஒன்றேகால் மணி நேரம் ஓடியிருந்தது. கிளினிக்கில் முதல் நோயாளி கன்னத்தைப் பிடித்தபடி காத்திருப்பார்.

நேராகக் கண்ணாடிக் கடைக்குள் புயலாக நுழைந்தாள்.

"தலைமணி எங்கே?"

"அந்தக் குண்டு மணியா? நூத்தியெட்டுன்னு சொன்னீங்க, எண்ணினா நூத்தியொன்பது. அது மட்டும் சேராம இருந்துச்சு... எடுத்து வச்சிட்டேன்."

"அது கணக்குல வராது! சுற்று முடியற இடமே அதுதான். தெரியாத வேலையில ஏன் கை வைக்கறீங்க?"

அவனுக்குச் சுருக்கென்றது. சட்டைப் பையிலிருந்து மணியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "மன்னிச்சிருங்க. சம்பந்தம் நல்லபடியா அமையட்டும்."

வெடுக்கென்று திரும்பி வாசல்வரை போனாள். கையில் மணி இன்னும் கதகதப்பாக இருந்தது... தலைமணிக்கு வந்தால் அதைத் தாண்டக் கூடாது. மாலையைத் திருப்பிப் பிடித்து, வந்த வழியே போக வேண்டும். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

திரும்பி வந்தாள்.

"இதை ஏன் சட்டைப் பையில வச்சிருந்தீங்க? ஒரு டப்பாவுல போட்டிருக்கலாமே?"

அவன் கைகள் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தன. "உங்களோடது ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டுமேன்னுதான்... உங்களைப் பிடிச்சிருக்கு, டாக்டர். அந்தச் சுற்று முடியவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

போன் அடித்தது. அக்கா!

"என்னடி, ஜபம் முடிஞ்சுதா?"

"இப்பதான் முடிஞ்சுதுக்கா. அந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"ஏன்டி?"

"எனக்கு ஆள் கிடைச்சாச்சு. பக்கத்துல யார் வர்றாங்கன்னு பாக்காம குடையை விரிக்கற ஆளு... இருந்தாலும் எனக்கு இவர்தான்!"

அவன் கண்கள் கலங்கிவிட்டன. பல் டாக்டர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள்.