மேல்காற்றை எதிர்த்துப் பறந்த வேட்டி

“நீங்க சொல்லலேன்னா, நானே திருமங்கலம் போய் அந்தம்மாவை இங்க கூட்டிண்டு வந்து நிறுத்திடுவேன்!”

“மெதுவாப் பேசு ஸ்யாமளா. பக்கத்து ஆத்துல சுவரோட காதை ஒட்டிண்டு நிக்கறா.”

அநியாயம். நான் ஜன்னலோரம்தான் நின்றேன். சுவரில் ஒட்டினால் சுண்ணாம்பு படும்.

எண்பத்து நாலு ஆடியில் திருப்பரங்குன்றத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு மனைவி ஸ்யாமளாவோடு வந்தவர் பிச்சுமணி. வடக்கே ஏதோ விமானச் சோதனை நிலையத்தில் இன்ஜினியர். நீண்ட லீவாம். ஏன் லீவு என்பதை அவர்கள் சண்டையே எனக்குச் சொல்லிவிட்டது.

விமானம் காற்றைக் கிழிக்கும் வேகத்தை ஒரு குழாய்தான் காட்டுமாம். அது அடைத்துக்கொண்டால் விமானிக்குக் கண்ணைக் கட்டினாற்போல. அதற்காக இவர் கணக்கு ஒன்று போட்டார். இனர்ஷியல் பெட்டி என்று விமானத்துக்குள்ளேயே ஒன்று, தரைக்குமேல் என்ன வேகம் என்று சொல்லும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் அந்தத் தள்ளலைக் கழித்தால் போதும். வானிலைக்காரர்கள் காற்று எங்கிருந்து வருகிறது என்று எழுதுவார்கள். இவர் அதை, காற்று எங்கே போகிறது என்று எடுத்துக்கொண்டார். கழிக்க வேண்டியதை இவர் கணக்கு கூட்டிவிட்டது. சோதனைப் பறப்பில் அதைப் பார்த்து, வேகம் தாராளமாக இருக்கிறதென்று நம்பி, விமானி முத்திருளன் வேகத்தைக் குறைத்தான். இறக்கையைத் தாங்கும் அளவுக்குக் காற்று வேகம் போதாமல் விழுந்து செத்தான்.

விசாரணையில் விமானியின் தவறு என்றார்கள். ஆடி மேல்காற்றில் மண் தின்று வளர்ந்த மதுரைக்காரர் இவர், தன் கணக்குத்தான் தப்பு என்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். தெருவில் எல்லா மாடித் துணிகளும் கிழக்கே பறந்தன.

பிச்சுமணியின் வேட்டி மட்டும் மேற்கே பறந்தது.

காற்றுக்கு எதிரே. விறைப்பாக.

கீழே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நானே சொல்லவில்லை என்றால் என் பயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஸ்யாமளா சொன்னதைச் செய்தாள். சாயங்காலம் திருமங்கலத்திலிருந்து முத்திருளனின் தாய் பாண்டியம்மாள் வந்து அவர்கள் கூடத்தில் நின்றாள். உறைமோர் கேட்கிற சாக்கில் நானும்.

“அய்யா, எம் மகன் ஓட்டத் தெரியாம விழுந்தான்னு ஊரே பேசுது. அவன் தங்கச்சி செல்லத்தாயைப் பொண்ணு கேட்டவுகளும் பின்வாங்கிட்டாக. அவன் அப்புடி என்னய்யா தப்புச் செஞ்சான்?”

பிச்சுமணி தரையைப் பார்த்தார். “அது… விசாரணைல முடிவானதும்மா.”

வெளியே காற்று சட்டென்று நின்றது. வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

உள்ளே மட்டும் வீசியது. மண்ணெண்ணெய் கருகிய வாடை, விமானம் எரிந்தாற்போல.

அவர் தோளுக்குப் பின்னால், யாருமில்லாத இடத்திலிருந்து, பணிவான இளங்குரல்.

“காத்து எந்தப் பக்கம் சார்?”

பாண்டியம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். “முத்து?”

“சொல்லுங்க சார். காத்து எந்தப் பக்கம்?”

“மேக்கேருந்து,” என்றார் பிச்சுமணி. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “நான்தான் திருப்பிப் போட்டேன். உங்க பிள்ளை மேல தப்பே இல்லேம்மா.”

அவள் அழவில்லை. “இதை அந்த ஆபீஸ்லயும் சொல்லுங்க. எங்க தெருவுல வந்தும் சொல்லுங்க.”

சொன்னார். திருமங்கலத்தில் அவள் தெருவில், தலை நிமிராமல். ஆபீஸிலும் சொன்னார்; வேலை போயிற்று.

தையில் செல்லத்தாய்க்குக் கல்யாணம். தாயும் அவளோடு கம்பத்துக்குப் போய்விட்டாள். ஸ்யாமளா கும்பகோணத்தில் அண்ணன் வீட்டில். பிச்சுமணி கோரிப்பாளையத்தில் ஓர் அறை எடுத்தார். ஜன்னல் இல்லாத அறையாகத் தேடினாராம். அதிலும் காலண்டர் தாள் பகல் முழுக்கப் படபடக்கிறதாம். எதிர் அறையில் புதுசாகக் கல்யாணமாகி வந்த ஜோடி, அதைப் பார்த்த பயத்தில் சாமானைக்கூட முழுசாகப் பிரிக்காமல் தேனிக்கு மாறிப் போய்விட்டது.